பின்சீட்டுல யார் உட்கார்றாங்க?

லீவுக்கு டிக்கெட் போட்ட கையோட நம்மாளுங்க பண்ற முதல் காரியம், ஊர்ல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கிற பைக்குக்கு என்ன வாங்கிட்டுப் போகலாம்னு தேடுறதுதான். போன வருஷம் எல்லாரும் லைட்டு வாங்கினாங்க. இந்த வருஷம் ஷாக் அப்சார்பர் சீசன் போல. ரெண்டு மாசத்துல நாலு பேர் கேட்டாச்சு. "அண்ணே, வண்டி பின்னாடி தூக்கித் தூக்கிப் போடுது. நல்ல செட்டா ஒண்ணு மாட்டலாம்னு இருக்கேன். எது வாங்கலாம்?" நாலு பேருக்கும் தனித்தனியா ஃபோன்ல சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். அதான் இந்தப் பதிவு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன், பிடிக்காதவங்க இங்கயே கழண்டுக்கலாம் :-) வெளிநாட்டுல இருக்கிறவன் ஊர்ல நிக்கிற வண்டிக்கு ஷாக் அப்சார்பர் வாங்கும்போது தன்னை மனசுல வச்சு வாங்கக் கூடாது. மிச்சம் பதினோரு மாசம் அந்த வண்டியை யார் ஓட்டுறாங்க, பின்சீட்டுல யார் உட்கார்றாங்கன்னு பார்த்து வாங்கணும்.

எங்க ஊர் பாறசாலை பக்கம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் அந்தப் பக்கம் போனப்போ, நெய்யாற்றின்கரை தாலுகா இந்தப் பக்கமே நின்னுடுச்சு. அதனால வீட்டுல தமிழு, ரேஷன் கடையில மலையாளம், வண்டியில கேஎல் 19. களியக்காவிளையைத் தாண்டினா டிஎன் 75. சாமான் வாங்க மார்த்தாண்டம், ஆஸ்பத்திரிக்குத் திருவனந்தபுரம், கல்யாணத்துக்கு நாகர்கோவில். ஒரு நாளைக்கு ரெண்டு மாநிலத்து ரோட்டுலயும் முதுகு அடி வாங்குற பாக்கியம் எல்லாருக்கும் கிடைக்காது.

அந்த ரோடுகளைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. அமரவிளையிலேர்ந்து உதியன்குளங்கரை வழியா களியக்காவிளை போற பழைய ஹைவே, முன்னாடி 47-ஆம் நம்பர், இப்போ 66. வளைவும் பஸ்ஸும் லாரியும்தான். கழக்கூட்டம் - காரோடு பைபாஸ்ல முக்கோலாவுக்கு இந்தப் பக்கம் முழுக்கக் கான்கிரீட் ரோடு. நல்லா வேகமாப் போகலாம், ஆனா இணைப்புக்கு இணைப்பு டக் டக்னு ஒரே தாளம். அதை விட்டு உள்ளே தனுவச்சபுரம், காரக்கோணம், வெள்ளறடைன்னு திரும்பினா ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல ஏத்தம் இறக்கம், மழைத்தண்ணி அறுத்துப் போட்ட ஓரம், பள்ளிக்கூடத்து வாசல்ல அடுத்தடுத்து ஹம்ப். ஒரே வண்டி, மூணு வித ரோடு. இங்க மஸ்கட்ல நாம காரோ பைக்கோ ஓட்டுற வழவழ ரோட்டை வச்சு அந்த வண்டிக்கு எது வேணும்னு முடிவு பண்ணினா சரியா வருமா?

நான் இங்க பார்க்கிற வேலை பம்பு, வால்வு சம்பந்தப்பட்டது. ஸ்பிரிங்கும் எண்ணெயும்தான் பிழைப்பு. ஷாக் அப்சார்பருக்குள்ளயும் அதே ரெண்டுதான் இருக்கு. ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குது. எண்ணெய் ஆட்டத்தை அடக்குது. சின்ன ஓட்டை வழியா எண்ணெயைப் பிதுக்கி, ஆட்டத்தைச் சூடா மாத்தி வெளிய விடுது. அவ்வளவுதான் சூட்சுமம். எண்ணெய் வேலை செய்யலேன்னா ஒரு ஹம்ப்புக்கு வண்டி மூணு தடவை குதிக்கும். எண்ணெய் ரொம்ப இறுக்கிப் பிடிச்சா, ஒரு பள்ளத்துல அமுங்கின சக்கரம் திரும்பி வர்றதுக்குள்ள அடுத்த பள்ளம் வந்துடும். ரெண்டு மூணு பள்ளத்துல ஷாக் அப்சார்பர் முழுசா அமுங்கி, அப்புறம் அடி நேரா முதுகெலும்புக்குத்தான். பெட்டியில எழுதியிருக்கிற 'கேஸ்' என்னன்னு கேட்கிறீங்களா? நைட்ரஜன் அழுத்தம். வேகமா ஆடும்போது எண்ணெய் நுரைச்சுப் போகாம இருக்கத்தான் அது. வண்டியைத் தூக்கி நிறுத்துற வேலை அதுக்கு இல்லை, ஸ்பிரிங்குக்குத்தான்.

இப்போ நம்மாளுங்க எல்லாருக்கும் இருக்கிற ஒரு நம்பிக்கையைத் தொட்டுடலாம். ஷாக் அப்சார்பர் அடியில படிப்படியா ஒரு வளையம் இருக்கும். சி ஸ்பேனர் போட்டுத் திருப்புவாங்க. எங்க வீட்டு தண்டர்பேர்டுல அஞ்சு படி. "கடைசிப் படிக்குப் போட்டா ஸ்பிரிங் கட்டியாயிடும்"னு சொல்வாங்க. ஆகாது. ஸ்பிரிங்கோட கடினம் கம்பியோட தடிமன்லயும் சுத்துலயும் இருக்கு. ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை நியூட்டன் வேணும்ங்கிற கணக்கு அது. வளையத்தைத் திருப்புறதால அது மாறாது. பாரம் ஏறினதும் வண்டி எந்த உயரத்துல நிக்கணும்கிறதை மட்டும்தான் அந்த வளையம் மாத்தும். இதைத்தான் பிரீலோடுங்கிறாங்க.

அந்த உயரத்தை அளக்க ஒரு டேப் போதும். சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரம் தரையில படாம இருக்கும்போது, அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழ ஒரு இடம் குறிச்சு அளங்க. அப்புறம் வண்டியைத் தரையில இறக்கி, வழக்கமா ஓட்டுற ஆள் உட்கார்ந்து, இன்னொருத்தர் பிடிச்சுக்க, அதே இடத்தை மறுபடி அளங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இறக்கம். பின்சக்கரம் மொத்தமா எவ்வளவு மேல கீழ போகுமோ, அதுல கால் பங்குலேர்ந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் இறங்கினா நல்லது. 90 மில்லிமீட்டர் போற வண்டின்னா 25-லேர்ந்து 30. ஆள் இல்லாம வெறும் வண்டியா நிக்கும்போதும் கொஞ்சம் இறங்கணும், ஒரு அஞ்சு பத்து மில்லிமீட்டர். ஆளோட அளவு சரியா வந்து, வெறும் வண்டி துளி கூட இறங்கலேன்னா ஸ்பிரிங் ரொம்ப மெத்துன்னு அர்த்தம். வளையத்தை முறுக்கி முறுக்கிச் சமாளிச்சிருக்கோம். வெறும் வண்டியே ரொம்ப இறங்கினா ஸ்பிரிங் தேவைக்கு மேல கட்டி. இந்த ரெண்டு அளவும் கையில இல்லாம புதுசு வாங்குறது, கால் அளவு தெரியாம அப்பாவுக்குச் செருப்பு வாங்கிட்டுப் போற மாதிரி.

இதை வச்சு எங்க வீட்டுக் கணக்கைப் பாருங்க. என் எடை 84 கிலோ, வீட்டுக்காரம்மா 62, பை 12. லீவுல வண்டி சுமக்கிறது 158 கிலோ. நான் ஃப்ளைட் ஏறினதுக்கு அப்புறம் ஓட்டுறது அப்பா. 58 கிலோ, பெரும்பாலும் தனியா. வாரத்துல ரெண்டு நாள் அம்மா பின்னாடி. எனக்கும் அவருக்கும் சுமையில நூறு கிலோ வித்தியாசம். 158 கிலோவுக்கு ஏத்த கட்டி ஸ்பிரிங்கை நான் மாட்டிட்டு வந்தா, பதினோரு மாசம் அந்த மனுஷன் மரக்கட்டை மேல உட்கார்ந்து ஓட்டுவார். "மகன் வாங்கிக் கொடுத்தது"ன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டு, வலிக்குதுன்னு மட்டும் சொல்ல மாட்டார்.

அப்பாவாவது ஹேண்டில் பாரைப் பிடிச்சிருக்கார், பள்ளம் வர்றதைப் பார்க்கிறார், காலை ஊன்றிக் கொஞ்சம் எழும்பிக்கிறார். அம்மாவுக்கு அது எதுவும் இல்லை. பின்சீட்டுங்கிறது கிட்டத்தட்டப் பின் அச்சுக்கு நேர் மேலே. ஓட்டுறவர் எடை ரெண்டு சக்கரத்துக்கும் பிரியும். பின்னாடி இருக்கிறவங்க எடை ஏறக்குறைய முழுசும் பின்சக்கரத்துக்குத்தான். அந்தச் சக்கரம் வாங்குற அடியும் முழுசா அவங்களுக்குத்தான். சேலை கட்டி ஒரு பக்கமா உட்கார்ந்திருக்கிற அறுபது வயசு அம்மாவால ஹம்ப்புக்கு எழும்பவா முடியும்?

பின்சீட்டு ஆளுங்க குறை சொல்றது ரொம்பக் குறைவு, கவனிச்சிருக்கீங்களா? இடுப்பு வலிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க. "நீங்க போங்க, நான் பஸ்ல வந்துடறேன்"னு சொல்வாங்க. அப்புறம் "இன்னைக்கு வரலை"ன்னு சொல்வாங்க. கொஞ்ச நாள்ல கோயிலுக்கும் சந்தைக்கும் தங்கச்சி வீட்டுக்கும் போறது நின்னுடும். நாம இங்கேர்ந்து ஃபோன்ல "ஏம்மா எங்கயும் போறதில்ல?"ன்னு கேட்போம். "வயசாச்சுல்ல மக்கா"ன்னு பதில் வரும். வயசு ஒரு காரணம்தான். பாதி ஊர்ல இன்னொரு காரணம் அந்தப் பின்சீட்டு.

சரி, அப்போ கம்பெனி போட்டுக் கொடுத்ததே போதுமா? அப்படியும் நான் சொல்லலை. புல்லட் 1955-லேர்ந்து சென்னையில ஓடிக்கிட்டிருக்கிற கதை. திருவொற்றியூர்ல ஆரம்பிச்சு ஒரகடம், வல்லம் வடகால்னு தொழிற்சாலை பெருகிடுச்சு. ஆனா விலைக்குள்ள வண்டியை முடிக்கணும்னா எந்தக் கம்பெனியும் ஷாக் அப்சார்பர்ல கொஞ்சம் கை வைக்கும். ஒல்லியான ஆளுக்கும் குண்டான ஆளுக்கும் ஒரே ஸ்பிரிங். எண்ணெய் மாத்த வழி இல்லாம மூடின குழாய். நாலஞ்சு வருஷம் நம்ம மழையிலும் பள்ளத்திலும் ஓடினா எண்ணெய் தளர்ந்து போறது இயல்பு. மாத்தத்தான் வேணும். எந்த வரிசையில காசு செலவழிக்கணும்கிறதுதான் என் வாதம்.

முதல்ல டயர் காத்து. ஓட்டுறவர் மட்டும் போக ஒரு அளவு, ரெண்டு பேருக்கு ஒரு அளவுன்னு வண்டியோட புத்தகத்துலயே இருக்கு. யாரும் பார்க்கிறதில்லை. ரெண்டாவது, பிரீலோடு வளையம். இது ஓசி. மூணாவது, ஸ்விங் ஆர்ம் புஷ்ஷும் ஷாக் அப்சார்பர் ரெண்டு முனையில இருக்கிற ரப்பர் புஷ்ஷும். பின்சக்கரத்தைப் பக்கவாட்டுல பிடிச்சு ஆட்டிப் பாருங்க. லொடலொடன்னா எவ்வளவு விலையில ஷாக் அப்சார்பர் போட்டாலும் வண்டி வாலாட்டிக்கிட்டுதான் போகும். நாலாவது, சீட்டு. பின்சீட்டு ஸ்பாஞ்ச் அமுங்கிப் பலகையாயிருந்தா நல்ல ஸ்பாஞ்ச் போட்டுத் தைச்சுக் கொடுக்க மார்த்தாண்டத்துல ஆள் இருக்கு. இந்த நாலும் முடிச்சதுக்கு அப்புறமும் ஹம்ப்புல இறங்கி வண்டி ரெண்டு மூணு தடவை குதிச்சா, இல்லை ஷாக் அப்சார்பர் தண்டுல எண்ணெய் கசிஞ்சா, அப்போ புதுசுக்குப் போங்க. ஒண்ணை மட்டும் மாத்தாதீங்க, ஜோடியா மாத்துங்க.

வாங்கும்போது என்ன பார்க்கணும்? முதல் கேள்வி, எடைக்குத் தகுந்த ஸ்பிரிங் தருவாங்களா? இங்கிலாந்து ஹாகான், ஸ்வீடன் ஓலின்ஸ் மாதிரி கம்பெனிகளோட பெருமையே அதுலதான் இருக்கு. தங்க நிறத்துல இல்லை. தாய்லாந்து ஒய்எஸ்எஸ் நம்ம நாட்டுல ஓரளவு கைக்கு எட்டும் விலையில கிடைக்குது. எந்தப் பேரா இருந்தாலும் ஓட்டுறவர் எடை, பின்சீட்டு ஆள் எடை, சாமான் மூணையும் சொல்லுங்க. அதைக் கேட்காம "எல்லாருக்கும் சரியா இருக்கும் சார்"னு சொல்ற கடையில வாங்காதீங்க.

ரெண்டாவது, நீளம். மேல கண்ணுலேர்ந்து கீழ கண்ணு வரைக்கும் பழசு எவ்வளவோ புதுசும் அவ்வளவே. "20 மில்லிமீட்டர் கூட இருந்தா கம்பீரமா நிக்கும்"னு ஆசை காட்டுவாங்க. பின்னாடி உசந்தா முன்னாடி ஃபோர்க் நிமிரும், ஹேண்டில் சுபாவம் மாறும், செயின் ஓடுற கோணம் மாறும், சைடு ஸ்டாண்டுல வண்டி இன்னும் சாயும். எல்லாத்துக்கும் மேல சீட்டு உசரும். உங்களுக்கு 20 மில்லிமீட்டர் ஒண்ணுமில்லை. அப்பாவுக்குக் கால் ஊன்றுறதும் ஊன்றாததும் அதுலதான் இருக்கு. ரப்பர் தோட்டத்து இறக்கத்துல நிறுத்தி, கால் எட்டாம, கிட்டத்தட்ட 200 கிலோ வண்டியோட சரிஞ்சா தூக்கிவிட ஆள் வர நேரமாகும்.

மூணாவது, அந்தப் பக்கத்துல தொங்குற டப்பா. நல்ல ஷாக் அப்சார்பர்ல அதுக்கு வேலை உண்டு, எண்ணெயும் கேஸும் தனித்தனியா இருக்க உதவும். மலிவு போலிகள்ல அது வெறும் அலங்காரம். அசலோ போலியோ, மாட்டும்போது சேலை கார்டுல இடிக்குதான்னு பாருங்க. இடிச்சா மெக்கானிக் சொல்ற முதல் யோசனை என்ன தெரியுமா? "அந்தக் கம்பியைக் கழட்டிடலாம் சார், லுக்கும் நல்லாயிருக்கும்." தயவு செஞ்சு ஒத்துக்காதீங்க. பின்னாடி உட்கார்றவங்க துணி சக்கரத்துல சிக்காம இருக்க, சக்கரத்துல பாதியாவது மறைக்கிற தடுப்பு வேணும்னு 1989 மத்திய மோட்டார் வாகன விதியிலயே இருக்கு. பிடிச்சுக்கக் கைப்பிடி, கால் வைக்கப் படியும் அதே விதியிலதான். பின்சீட்டு ஆளுக்கு இந்த நாட்டுச் சட்டம் கொடுத்த மூணு உரிமை அது. ஒரு அலங்கார டப்பாவுக்காக அம்மாவோட சேலைத் தலைப்பைப் பணயம் வைக்கலாமா?

நாலாவது, ரிப்பேர். திறந்து எண்ணெய் மாத்தி நைட்ரஜன் ஏத்துற மாதிரி இருக்கா? இருந்தா, அதை யார் செய்வாங்க? மஸ்கட்லயோ துபாய்லயோ வாங்கின பொருளுக்கு வாரண்டி அங்கேயே நின்னுடும். மூணு வருஷம் கழிச்சு எண்ணெய் கசிஞ்சா அப்பா அதைத் தூக்கிக்கிட்டு எங்க போவார்? திருவனந்தபுரத்துலயோ நாகர்கோவில்லயோ பார்க்க ஆள் இருக்கிற சுமாரான பொருள், ஆளே இல்லாத உசந்த பொருளை விட நல்லது. இன்னொண்ணு, கேஸ் அடைச்ச ஷாக் அப்சார்பர் அழுத்தம் உள்ள பொருள். பெட்டியில போட்டுக் கொண்டு போகலாமான்னு விமானக் கம்பெனியில முதல்லயே கேட்டுடுங்க.

கடைசியா சட்டம். ஆர்.சி.யில இருக்கிறதுக்கும் கம்பெனி சொன்னதுக்கும் மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னதே நம்ம கேரளாவிலேர்ந்து போன ஒரு வழக்குலதான். கேரளாவுல மாத்தின வண்டிகளைப் பிடிக்கிறது சும்மா பேச்சுக்கு இல்லைன்னு ஊர்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும். அதே நீளம், அதே மாட்டுமிடம், உங்க மாடலுக்குன்னே செஞ்சதுன்னு இருந்தா தலைவலி குறைவு. நீளத்தை மாத்தி, சேலை கார்டைக் கழட்டி வச்சிருந்தா, நாளைக்கு ஏதாவது நடந்தா இன்சூரன்ஸ்காரர்கிட்டயும் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம். பில்லையும் பழைய ஜோடியையும் பத்திரமா வைங்க.

"அப்போ லீவுல நான் குடும்பத்தோட வண்டியில எங்கயும் போக வேண்டாமா?"ன்னு கேட்பீங்க. தாராளமாப் போங்க. ஆரல்வாய்மொழிக் காத்துல திருநெல்வேலிக்குப் போங்க. சிவராத்திரிக்கு முஞ்சிறையில ஆரம்பிச்சு திருநட்டாலம் வரைக்கும் பன்னிரண்டு சிவாலயமும் வண்டியிலேயே சுத்துங்க, இப்போ நிறையப் பேர் அப்படித்தான் போறாங்க. பதினோரு மாசத்து ஆளுங்களுக்குத் தகுந்த ஸ்பிரிங்கைப் போட்டுட்டு, உங்க ஒரு மாசத்துக்கு வளையத்தை மேல ஏத்திக்குங்க. ரெண்டு மூணு படி கூட்டினா வண்டி வால் தாழாது, ஹெட்லைட் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்காது. கொஞ்சம் அமுங்கும், பள்ளத்துல கொஞ்சம் மெதுவாப் போங்க. ஃப்ளைட் ஏறுற அன்னிக்கு மறக்காம வளையத்தைப் பழைய படிக்கு இறக்கிடுங்க. சி ஸ்பேனரை சீட்டுக்கு அடியில வச்சு, எந்தப் படி யாருக்குன்னு தம்பிக்குக் காட்டிக் கொடுத்துட்டு வாங்க.

நாம ஊருக்கு அனுப்புற பொருள் பாதியும் நாம அங்க இருக்கப் போற ஒரு மாசத்தை நினைச்சு வாங்கினதுதான். வீடு கட்டுறதும் அப்படித்தான். நமக்கு மாடியில ரெண்டு ஏசி ரூம், அப்பா அம்மாவுக்குக் கீழ சமையலறைக்குப் பக்கத்துல ஒரு சின்ன ரூம். வண்டியிலயாவது இதைத் திருப்பிப் போடலாம், செலவும் குறைவுதான்.

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு ஃபோன் போடுங்க. அப்பா கால் ரெண்டும் தரையில முழுசா எட்டுதா, டயர்ல காத்து எவ்வளவு, பழைய ஷாக் அப்சார்பர் நீளம் என்னன்னு தம்பிகிட்டக் கேளுங்க. கடைசியா ஃபோனை அம்மாகிட்டக் கொடுக்கச் சொல்லி, பின்னாடி உட்கார்ந்தா எங்க வலிக்குதுன்னு கேளுங்க. முதல் தடவை "ஒண்ணுமில்ல"ன்னுதான் சொல்வாங்க. விடாதீங்க, ரெண்டாவது தடவையும் கேளுங்க.

டிஸ்கி: மேல சொன்ன எந்தக் கம்பெனியும் எனக்குச் சல்லிக்காசு தரலை. தந்தா ஸ்பாஞ்ச் போட்டு சீட்டு தைச்சுக்குவேன் :-)